சுணக்கம் எங்கே? தரவு நிலைய வலையமைப்பை முனைக்கு முனை அளத்தல்

“வலையமைப்புச் சுணங்குகிறது” என்னும் முறைப்பாடு எழாத கந்தோர் இன்று எங்கும் இல்லை. வங்கியிற் காசாளர் கணினித் திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். வைத்தியசாலையில் நோயாளியின் பதிவேடு திறக்க மறுக்கிறது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் மாணவன் ஒருவன் தன் சுட்டெண்ணை நான்காம் முறையாகப் பதிகின்றான். இவர்கள் அனைவரும் ஒருமுகமாகக் குற்றஞ் சாட்டுவது வலையமைப்பையே. வலையமைப்புப் பொறியியலாளரோ தம் கருவிகள் யாவும் பச்சை விளக்குக் காட்டுகின்றன என்பர். சேவையகங்களுக்குப் பொறுப்பானவர் அவை பாதியளவும் உழைக்கவில்லை என்பர். தரவுத்தளத்தைக் காப்பவர் தம் பகுதியில் வினவல்கள் விரைவாகவே முடிவுறுகின்றன என்பர். மூவர் கூற்றும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் காசாளர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இவ்வழக்கிலே தீர்ப்புத் தவறினால் அதன் செலவு சிறிதன்று. குற்றம் வலையமைப்பின்மேற் சுமத்தப்படின் பெரும் பொருள் கொடுத்துப் பட்டையகலம் கூடிய இணைப்பு வாங்கப்படும். சுணக்கமோ முன்போலவே நிற்கும். மறுபக்கம், மெய்யாகவே பழுதுற்ற ஓர் ஆளி பச்சை விளக்கோடு மாதக்கணக்கில் ஒளிந்திருக்க, பிரயோக மென்பொருளை எழுதியவர் தம்மிடம் இல்லாத குற்றத்தை இரவிரவாகத் தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை அளக்கின்றனர். பயனாளரின் வேண்டுகை புறப்பட்ட இடத்திலிருந்து மறுமொழி வந்து சேரும்வரையுள்ள முழுவழியையும் அளப்பவர் எவருமில்லை. முனைக்கு முனை கண்காணித்தல் என்பது அவ்வழி முழுவதையும் அளத்தலே. அதன் இயல்பையும், பெரிய தரவு நிலையங்களில் அது நடைபெறும் முறையையும் இங்கு விளக்க முயல்வோம்.

முதலில் வழியை அறிந்துகொள்ளல் வேண்டும். தரவு நிலையம் என்பது ஆயிரக்கணக்கான சேவையகங்களை ஒரு கூரையின் கீழ் வைத்து, மின்னும் குளிரும் ஊட்டி, ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டடம். சேவையகங்கள் இறாக்கைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இறாக்கையில் நாற்பது வரை இருப்பதுண்டு. ஒவ்வோர் இறாக்கையின் தலையிலும் ஓர் ஆளி உண்டு. விளக்கை ஏற்றி அணைக்கும் ஆளியன்று இது. வந்த தரவுப் பொதி எவ்வாயிலாற் செல்லவேண்டும் என்று தெரிந்து அனுப்பும் கருவி. இறாக்கை ஆளிகள் அடுத்த படியிலுள்ள ஆளிகளோடும், அவை உச்சிப்படியிலுள்ள முதுகெலும்பு ஆளிகளோடும் இணைக்கப்பட்டிருக்கும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் குளோஸ் என்பார் 1953ஆம் ஆண்டிலே தொலைபேசி நிலையங்களின் பொருட்டு வகுத்த அமைப்பே இன்று இக்கட்டடங்களில் வேறுருவிற் பயன்படுகின்றது. சிறிய ஆளிகள் பலவற்றைப் படிப்படியாக இணைத்தால் ஒரு மாபெரும் ஆளியின் பயனைப் பெறலாம் என்பது அவர் காட்டிய உண்மை.

இவ்வமைப்பினால் எவ்விரு சேவையகங்களுக்கு இடையிலும் பல வழிகள் உண்டாகின்றன. பொதி எவ்வழியாற் செல்வது என்பதை, அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் முகவரிகளையும் வாயில் எண்களையும் கொண்டு ஒரு கணிப்பினால் ஆளி தீர்மானிக்கும். ஓர் உரையாடலைச் சேர்ந்த பொதிகள் யாவும் ஒரே வழியாலேயே செல்லும். இதன் விளைவு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. எட்டு வழிகளுள் ஒன்று பழுதுற்றால் ஏறத்தாழ எட்டு உரையாடல்களுள் ஒன்று மட்டுமே துன்புறும். ஏனையவை யாதொரு குறையுமின்றி ஓடும். பயனாளர் முறையிடுவார், பொறியியலாளர் தம் மேசையிலிருந்து பரிசோதிப்பார், அவருடைய பரிசோதனைப் பொதி நல்ல வழியாற் சென்றுவரும். “எனக்கு ஒழுங்காக வேலை செய்கின்றதே” என்னும் புகழ்பெற்ற மறுமொழி பிறப்பது இவ்வாறே. அதிலே பொய்யில்லை, அளந்த வழி வேறு என்பதே உண்மை.

இனி, ஒரு பொதி தொலைந்தால் எவ்வளவு காலம் வீணாகும்? இணையத்திற் பெரும்பாலான பிரயோகங்கள் ரி.சி.பி. என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. பொதி சேர்ந்ததற்கான ஒப்புகை வராவிடின் அனுப்பியவர் சிறிது காத்திருந்து அதனை மீண்டும் அனுப்புவார். லினக்ஸ் இயங்குதளத்தில் அக்காத்திருப்பு வழமையாகக் குறைந்தது 200 மில்லிசெக்கன். ஒரே மண்டபத்துக்குள் ஒரு பொதி சென்று திரும்புவதற்கோ கால் மில்லிசெக்கன் போதும். எனவே தொலைந்த ஒரு பொதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எண்ணூறு தடவை போய்வந்திருக்கலாம். அடுத்தடுத்துப் பொதிகள் வந்துகொண்டிருந்தால் இழப்பை முன்னதாக உணரும் உபாயமும் அந்நெறிமுறையில் உண்டு. ஆயினும் உரையாடலின் கடைசிப் பொதியே தொலைந்துவிடின் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பொதிகள் தொலைதல் அற்பமெனத் தோன்றும், அது அற்பமன்று.

பழைய கண்காணிப்பு முறைகள் இவற்றைக் காணத் தவறியதேன்? பிங் என்னும் சிறு கருவியை மைக் மூஸ் என்பவர் 1983ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஆக்கினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார்க் கருவியின் ஒலியைக் கொண்டே அவர் அதற்குப் பெயரிட்டார். ஒரு கேள்விப் பொதியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அது அளக்கும். 1988இல் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வந்தது. ஆளிகளின் வாயில் ஒவ்வொன்றிலும் எத்தனை பைற்றுகள் கடந்தன, எத்தனை பொதிகள் கைவிடப்பட்டன என்னும் கணக்கை அதன் மூலம் கேட்டறியலாம். இரண்டும் நல்ல கருவிகளே, இன்றும் வழக்கிலுள்ளவை. ஆயினும் ஆளியிடம் அக்கணக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதே பல இடங்களில் வழமை. ஐந்து நிமிடச் சராசரி எதனை மறைக்கும் என்பதை ஓர் எளிய கணக்கினாற் காணலாம்.

செக்கனுக்கு 10 கிகாபிற்று கொள்ளும் வாயிலொன்றை எடுத்துக்கொள்வோம், அது 1.25 கிகாபைற்றுக்குச் சமம். பொதிகள் காத்திருப்பதற்கு ஆளியினுள் 12 மெகாபைற்று நினைவகம் உண்டெனக் கொள்வோம். சேவையகமொன்று பலரிடம் ஏககாலத்திற் கேள்வி கேட்க, அவர்கள் யாவரும் ஒரே கணத்தில் மறுமொழி அனுப்புகின்றனர். தேர்த் திருவிழாவன்று கோயில் வாசலில் நாற்றிசையிலிருந்தும் சனம் வந்து கூடுவது போலும் நிலை. வாயிலாற் போகக்கூடியதினும் இருமடங்கு வேகத்திற் பொதிகள் வந்து சேருமாயின், அந்நினைவகம் 10 மில்லிசெக்கனுக்குள் நிரம்பிவிடும். அதன்பின் வருவன கீழே கொட்டப்படும். இந்நெரிசல் மூன்றில் ஒரு செக்கன் நீடித்துப் பின் தணிந்தால், ஐந்து நிமிடச் சராசரியில் அது ஆயிரத்தில் ஒரு பங்களவே அசைவைக் காட்டும். வரைபடத்தைப் பார்ப்பவர் “இணைப்பிற் பத்திலொரு பங்குகூடப் பயன்படவில்லையே” என்பார். அவர் பார்த்தது ஐந்து நிமிடங்களை. பொதிகள் தொலைந்தது அவ்வைந்து நிமிடத்துள் ஒரு செக்கனுக்கும் குறைந்த பொழுதில்.

சராசரி இன்னொரு வகையாலும் ஏமாற்றும். கணிதத்தில் நாம் கற்ற சதமணை என்பதன் பயனை இங்கே உணரலாம். கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெவ் டீன், லூயிஸ் பரோசோ ஆகிய இருவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் காட்டிய கணக்கு இது. ஒரு சேவையகம் நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை விரைந்து மறுமொழி கூறி, ஒரு தடவை மட்டும் ஒரு செக்கனுக்கு மேற் சுணங்குகின்றது என்க. சராசரி மிக அழகாயிருக்கும். ஆனால் பயனாளரின் ஒரு வேண்டுகையை நிறைவேற்ற நூறு சேவையகங்களிடம் ஒருங்கே கேட்கவேண்டியிருந்தால், அந்நூறும் விரைந்து பதில் தருவதற்கான நிகழ்தகவு 0.99இன் நூறாம் அடுக்கு. அஃதாவது ஏறத்தாழ 0.37. எனவே நூறு பயனாளரில் அறுபத்து மூவர் ஒரு செக்கனுக்கு மேற் காத்திருப்பர்! ஒவ்வொரு சேவையகத்துக்கும் நூற்றிலொன்றாயிருந்த குறை பயனாளருக்கு நூற்றில் அறுபத்து மூன்றாகிவிடுகின்றது. ஆதலின் பெரிய தரவு நிலையங்களிற் சராசரியைவிட 99ஆம் சதமணையையும் 99.9ஆம் சதமணையையும் பார்ப்பதே வழக்கம்.

முனைக்கு முனை அளத்தலைப் பேரளவிற் செய்து காட்டிய முயற்சிகளுள், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிங்மெஷ் என்பதை விரிவாக எடுத்துக்கூறல் தகும். அதைப்பற்றிய விளக்கம் 2015ஆம் ஆண்டு சிக்கொம் மாநாட்டில் வெளியிடப்பட்டது. அப்பொழுதே அது நான்கு ஆண்டுகளுக்கு மேலாக இயங்கியிருந்தது. அதன் மூலக்கருத்து மிக எளிது. ஆளிகளிடம் “நீ நலமா?” என்று கேட்பதை விடுத்து, ஒவ்வொரு சேவையகமும் ஏனைய சேவையகங்களை இடையறாது அழைத்து, எதிரொலி வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும் என்பதே அது. வலையமைப்பைப் பயன்படுத்துவோரே அதற்குச் சாட்சிகள் ஆகின்றனர்.

ஆனால் ஒரு இலட்சம் சேவையகங்கள் இருப்பின், ஒவ்வொன்றும் ஏனைய எல்லாவற்றையும் அழைப்பதற்கு ஏறத்தாழ ஆயிரங் கோடிச் சோடிகள் வேண்டும். இஃது இயலாது. ஆதலின் அழைப்பை மூன்று படிகளாக வகுத்தனர். ஓர் இறாக்கைக்குள் எல்லோரும் எல்லோரையும் அழைப்பர். ஒரு நிலையத்துக்குள் இறாக்கைக்கு இறாக்கை அழைப்பு: ஓர் இறாக்கையின் முதலாஞ் சேவையகம் பிற இறாக்கைகளின் முதலாஞ் சேவையகங்களை அழைக்கும், இரண்டாவது இரண்டாவதை அழைக்கும். மூன்றாம் படியில், நிலையத்துக்கு நிலையம் தெரிந்தெடுத்த சில சேவையகங்கள் மட்டும் அழைக்கும். இறாக்கைக்கு நாற்பதாக 2,500 இறாக்கைகள் இருப்பின், இம்முறையால் ஒரு சேவையகம் அழைக்கவேண்டியவை 99,999 அல்ல. ஏறத்தாழ 2,540 மட்டுமே. இவ்வாறு சுருக்கியும் நாளொன்றுக்கு 20,000 கோடிக்கு மேற்பட்ட அழைப்புகளும் 24 டெராபைற்று அளவுத் தரவும் சேர்ந்தன என்று அவ்வறிக்கை கூறுகின்றது.

அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைக் குலைக்கலாகாது என்பது பௌதிக ஆய்வுகூடத்தில் வோல்ற்றுமானியைக் கையாண்ட எவருக்கும் தெரியும். பிங்மெஷை அமைத்தவர்கள் இதனை மறக்கவில்லை. ஒரு சோடிக்கு இடையில் 10 செக்கனுக்கு ஒரு தடவைக்கு மேல் அழைப்பு நிகழாவாறும், அழைப்பின் சுமை 64 கிலோபைற்றை மிஞ்சாவாறும், மாற்றவொண்ணாத எல்லைகளை மென்பொருளுக்குள்ளேயே பதித்துவிட்டனர். தலைமைக் கட்டுப்பாட்டோடு தொடர்பு அறுந்தால் சேவையகங்கள் அழைப்பதையே நிறுத்திவிடும். காவலனே கள்வனாகாதபடி செய்த ஏற்பாடு என்க.

அவர்கள் பழைய பிங் கருவியின் ஐ.சி.எம்.பி. பொதிகளை விடுத்து ரி.சி.பி. இணைப்பையே அழைப்பாகப் பயன்படுத்தியதிலும் நுட்பமுண்டு. பிரயோகங்கள் செல்லும் அதே முறையிலே அளவையும் செல்லவேண்டும் என்பது ஒரு காரணம். மற்றையது பொதியிழப்பைக் கண்டுபிடிக்கும் அழகான உபாயம். அவர்களுடைய சேவையகங்களில் இணைப்பைத் தொடங்கும் முதற்பொதி தொலைந்தால் 3 செக்கன் கழித்து மீண்டும் அனுப்பப்படும். அதுவும் தொலைந்தால் காத்திருப்பு இருமடங்காகி, மேலும் 6 செக்கன் கழித்து அனுப்பப்படும். ஆதலின் ஓர் அழைப்பு ஏறத்தாழ 3 செக்கன் எடுத்திருந்தால் ஒரு பொதி தொலைந்தது. 9 செக்கன் எடுத்திருந்தால் இரண்டு தொலைந்தன. ஆளிகளின் கணக்கேட்டைத் திறவாமலே, நேரத்தை மட்டுங் கொண்டு இழப்பை எண்ணிவிடலாம்! வழமையான இழப்பு பதினாயிரத்தில் ஒன்றுக்கும் இலட்சத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்டதென்று இவ்வாறு கண்டனர்.

அளவுகளை ஒரு சதுரக் கட்டத்தில் நிறங்களாக வரைந்தனர். அனுப்பும் பகுதிகள் நிரையாகவும் பெறும் பகுதிகள் நிரலாகவும் நிற்க, 99ஆம் சதமணைச் சுணக்கம் 4 மில்லிசெக்கனுக்குக் குறைந்தாற் பச்சை. 5 மில்லிசெக்கனை மிஞ்சினாற் சிவப்பு. தரவே வராவிடின் வெள்ளை. ஒரு பகுதி முழுவதும் மின்னிழந்தால் வெள்ளைச் சிலுவை தோன்றும். அப்பகுதியின் ஆளிகள் நெருக்கடிப்பட்டாற் சிவப்புச் சிலுவை. முதுகெலும்பு ஆளிகள் பழுதுற்றால் மூலைவிட்டத்திலுள்ள கட்டங்கள் மட்டும் பச்சையாய் நிற்க, மீதி முழுவதும் சிவக்கும். ஒரு பகுதிக்குள் நிகழும் போக்குவரவு முதுகெலும்பைத் தொடுவதில்லையன்றோ? படத்தைப் பார்த்தவுடன் நோயின் இருப்பிடம் விளங்கிவிடும்.

இவ்வளவைகளால் வெளிப்பட்ட பழுதுகளுள் இரண்டு, பச்சை விளக்கை நம்புவோர் அறிந்திருக்கவேண்டியவை. முதலாவது, பொதிகளை விழுங்கும் ஆளி. குறிப்பிட்ட சில அனுப்புநர்–பெறுநர் சோடிகளின் பொதிகளை அது முற்றாக விழுங்கிவிடும். மற்றச் சோடிகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஆளியின் வழி அட்டவணையைத் தாங்கும் நினைவகத்தில் ஏற்படும் சிதைவே இதற்குக் காரணம். ஆளியோ தன் கணக்கில் இழப்பு எதுவுமில்லை என்றே காட்டும். அதனை நிறுத்தித் திரும்ப இயக்கினாற் குணமாகும். மைக்ரோசொப்ட் பொறியியலாளர் அதனைத் தாமாகவே கண்டுபிடித்து மீள இயக்கும் நிரலொன்றை அமைத்தனர். ஆனால் நாளொன்றுக்கு 20 ஆளிகளுக்கு மேல் அது கைவைக்கலாகாது என்று வரம்பும் கட்டினர். இரண்டாவது, காரணமின்றிப் பொதிகளை எறியும் ஆளி. ஒரு சம்பவத்தில் நிலையம் ஒன்றின் பயனாளர் யாவரும் 99.9ஆம் சதமணையிற் சுணக்கத்தை உணர்ந்தனர். பொதியிழப்பு திடீரென ஆயிரத்தில் இரண்டளவுக்கு உயர்ந்திருந்தது. துன்புற்ற சோடிகளைத் தெரிந்து, அவற்றின் வழியைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தபோது, முதுகெலும்பு ஆளி ஒன்றே பொதிகளை எறிந்துகொண்டிருந்தமை தெரியவந்தது. அதன் உட்பலகையொன்றில் பிற்றுகள் புரண்டிருந்தன. அதனை விலக்கியதும் நோய் தீர்ந்தது. இத்தகைய ஆளியை மீள இயக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும்.

தன்னை நலமுள்ளதென்று கருதும் உறுப்பு, பயன்படுத்துவோருக்கு நலமற்றதாயிருக்கும் நிலைக்கு, 2017இல் ஆய்வாளர் சிலர் “சாம்பற் பழுது” என்று பெயரிட்டனர். முற்றாக இறந்த கருவியாற் பெருந்தீங்கில்லை. வழிகள் உடனே அதனை விலகிச் செல்லும். அரையுயிரோடு இருப்பதே ஆபத்தானது.

இத்தனையும் கூறியபின், வலையமைப்பின் சார்பிலும் ஒன்று கூறவேண்டும். வலையமைப்புப் பழுதென்று முறையிடப்பட்டவற்றுள் ஏறத்தாழ அரைவாசி வலையமைப்பினால் உண்டானவை அல்ல என்பதே பிங்மெஷைக் கையாண்டவர்களின் அனுபவம். முறையீடு எழுந்தவுடன் முதலிற் கேட்கப்படும் கேள்வி “இது வலையமைப்பின் குற்றமா?” என்பது. அந்நேரத்து அளவுகளில் மாற்றமில்லையெனின், “அல்ல” என்று கணக்கோடு மறுமொழி கூறலாம். குற்றவாளியைப் பிடிப்பதிலும் பார்க்கக் குற்றமற்றவரை விரைவில் விடுவிப்பதே இவ்வளவையின் பெரும்பயன் என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. ஏனெனில் தேடுவோர் சரியான இடத்துக்கு உடனே போய்ச் சேர்வர்.

அச்சரியான இடம் எது? அழைப்பு வெறும் அழைப்பே. அது பிரயோகத்தின் வேலையைச் செய்து பார்ப்பதில்லை. ஆதலின் பிரயோகத்தின் பொதிகளையே பார்த்தல் வேண்டும். இதற்கு வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருள் போதும். 1998இல் வேறு பெயரோடு பிறந்து, 2006இல் இப்பெயரைப் பெற்றது அது. பயனாளரின் கணினியில் அதனை இயக்கினால் இரண்டு இடைவெளிகளைக் காணலாம். இணைப்பைத் தொடங்கும் பொதி சென்று, ஏற்புப் பொதி திரும்பும்வரை உள்ள இடைவெளி பெரும்பாலும் வலையமைப்புக்கு உரியது. சேவையகத்தின் இயங்குதளம் அதற்கு உடனேயே மறுமொழி கூறிவிடும். பின்னர் வேண்டுகையைச் சேவையகம் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்ததிலிருந்து, மறுமொழியின் முதற்பைற்று வரும்வரை உள்ள இடைவெளி பிரயோகத்துக்கு உரியது. முன்னையது 5 மில்லிசெக்கனும் பின்னையது 4 செக்கனுமாயிருந்தால் வழக்கு முடிந்தது. நடுவில் ஒரு காவற்கருவி இருந்து சேவையகத்தின் சார்பில் தானே மறுமொழி கூறுமாயின் இவ்வளவு அக்கருவி வரைக்குமே பொருந்தும். அப்பொழுது சேவையகத்தின் பக்கத்திலும் அளத்தல் வேண்டும்.

ட்ரேஸ்ரூட் கருவியைக் கையாளுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. வழியின் நடுவிலுள்ள ஒரு கருவி பாதிப் பொதிகளை இழப்பதாகக் காட்டி, அதற்கு அப்பாலுள்ளவை எதையும் இழக்காதனவாகக் காட்டினால் அங்கே பழுதில்லை. தன்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு மறுமொழி கூறுவதைப் பிற வேலைகளுக்குப் பின் வைப்பது அக்கருவியின் இயல்பு. இழப்பு அவ்விடத்தில் தொடங்கி இறுதிவரை தொடர்ந்தால் மட்டுமே ஐயுறவேண்டும். இவ்வொன்றை அறியாமையால் எழுந்த வீண் முறைப்பாடுகள் பல.

சேவையகங்களுக்குள்ளும் வேண்டுகை பல கைகள் மாறும். முன்வாயிலிலிருந்து கணக்குப் பகுதிக்கும், அங்கிருந்து தரவுத்தளத்துக்கும் அது போகும். ஒவ்வொரு வேண்டுகைக்கும் ஓர் அடையாள எண்ணைக் கட்டி, அது தொட்ட இடமெல்லாம் புகுந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் பதியும் முறையைக் கூகிள் நிறுவனம் டாப்பர் என்னும் பெயரோடு கையாண்டு, 2010இல் விளக்கி வெளியிட்டது. பதிவுத் தபாலொன்றை ஒவ்வொரு தபாற்கந்தோரிலும் குறித்து அனுப்புவதை ஒத்தது இது. இன்று ஓப்பின்டெலிமெட்ரி என்னும் பொதுத் தராதரம் இப்பணிக்கு எவரும் பயன்படுத்தத்தக்கதாய் உள்ளது; 2019இல் இரு முயற்சிகள் ஒன்றுசேர்ந்து உருவானது அது.

தூரம் என்னும் காரணத்தையும் மறத்தலாகாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கிலோமீற்றருக்கு 5 மைக்குரோசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். ஆகவே போய்வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன் வேண்டும். கடலடி வடம் வளைந்து செல்வதால் உண்மையில் இதனிலும் கூடும். இந்நாட்டு நிறுவனங்கள் பல தம் பிரயோகங்களைச் சிங்கப்பூரிலும் மும்பாயிலும் உள்ள தரவு நிலையங்களில் இயக்குகின்ற இக்காலத்தில் இக்கணக்கு எமக்கு நேரே உரியது. ஒரு பக்கத்தைக் காட்டுவதற்குத் தரவுத்தளத்தை ஒன்றன்பின் ஒன்றாக 400 தடவை கேட்கும் மென்பொருளை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே மண்டபத்திலிருந்து, கேள்விக்கு அரை மில்லிசெக்கன் ஆகுமிடத்து மொத்தம் 0.2 செக்கன், எவரும் கவனியார். தரவுத்தளத்தைக் கொழும்பில் விட்டு, பிரயோகத்தை மட்டும் சிங்கப்பூருக்கு மாற்றினால் 10 செக்கனுக்கு மேலாகும். இங்கே எந்த உறுப்பும் பழுதுபடவில்லை; பட்டையகலத்தைப் பத்து மடங்காக்கினும் ஒரு மில்லிசெக்கனேனும் குறையாது. 400 கேள்விகளை நான்காகத் தொகுத்துக் கேட்பதே மருந்து. கேள்விகளின் தொகையையும் போய்வரும் நேரத்தையும் சேர்த்து அளந்தவருக்கே இது புலப்படும்.

கண்காணிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியமானது. 2021ஆம் ஆண்டு ஒற்றோபர் 4ஆந் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்தமை பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்பு வேலையொன்றின்போது இட்ட கட்டளையால் அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய மென்பொருளிலும் வழுவிருந்தது. தரவு நிலையங்களோடு பேசமுடியாத பெயர்ச் சேவையகங்கள் தம்மை நலமற்றனவாகக் கருதி, தம் முகவரிகளை இணையத்திலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. பழுதை ஆராய்வதற்கான உட்கருவிகளும் அதே வலையமைப்பையும் அதே பெயர்ச் சேவையையும் நம்பியிருந்தமையால் அவையும் வீழ்ந்தன. பொறியியலாளர் நேரிற் சென்றே இயந்திரங்களை அணுகவேண்டியதாயிற்று. வீட்டின் காவற்காரன் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்ட கதை. அளவைகளில் ஒரு பகுதியேனும் வெளியே வேறோர் இணைப்பில் நின்று அளப்பதாயிருத்தல் வேண்டும்.

சிறிய நிறுவனமொன்றின் அலுவலர் 20,000 கோடி அழைப்புகளை எண்ணி மலைக்கவேண்டியதில்லை. பயனாளர் இருக்கும் கிளையொவ்வொன்றிலும் ஒரு பழைய கணினியை வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை பிரயோகத்தின் முகப்பைத் திறக்கச் செய்து, பெயர் தேடிய நேரம், இணைப்பு ஏற்பட்ட நேரம், முதற்பைற்று வந்த நேரம், முழுப்பக்கமும் வந்த நேரம் ஆகிய நான்கையும் பதியச் செய்தாற் போதும். அவ்வாறு பதியும் இலவச மென்பொருள்கள் பல உள. நாளொன்றுக்கு 1,440 அளவுகள் சேரும். அவற்றை ஏறுவரிசைப்படுத்தினால், மேலுள்ள பதினான்கும் 99ஆம் சதமணைக்கு அப்பாற்பட்டவை; அவை எந்த நேரங்களில் நிகழ்ந்தன, நான்கில் எந்நேரம் வீங்கியது என்று பார்க்கவேண்டும். தினமும் விடியற்புறம் இரண்டு மணிக்கு வீங்கினால் காப்புப்பிரதி எடுக்கும் வேலையை ஐயுறுக. இணைப்பு ஏற்படும் நேரம் மட்டும் வீங்கினால் வலையமைப்பை நோக்குக. முதற்பைற்று நேரமெனில் சேவையகத்தை நோக்குக. பெயர் தேடும் நேரம் அடிக்கடி 5 செக்கனாகத் தோன்றினால் பட்டியலிலுள்ள முதற் பெயர்ச் சேவையகம் மறுமொழி கூறாமலிருக்கக்கூடும். லினக்ஸ் கணினிகள் வழமையாக 5 செக்கன் காத்திருந்தே அடுத்ததைக் கேட்கும். இவ்வளவுகளை முறைப்பாடு வந்தபின் எடுக்கத் தொடங்கினாற் பயன் பாதியே. யாவும் ஒழுங்காக ஓடிய கிழமைகளின் அளவுகளும் கையில் இருந்தாலன்றி, இன்று 300 மில்லிசெக்கன் என்பது கூடுதலா வழமையா என்று ஒருவராலும் கூறவியலாது.